ஓய்வு கிடைக்காத டேங்க்

தண்டையார்பேட்டையில் வெறும் ஆசீர்வாதம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கணக்கு ஆசீர்வாதம் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். மணலியில் ஓர் ஆசிட் கம்பெனியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை நேரத்தில் ஸ்பேனர், மற்ற நேரமெல்லாம் வேதாகமம். அதிலும் அன்பு, மன்னிப்பு எல்லாம் அவருக்கு அப்புறம்தான். முதலில் எண்கள்.

இஸ்ரவேலர் ஆறு வருடம் உழுதால் ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு விட வேண்டும். அவர்களோ விடவில்லை. நானூற்றுத் தொண்ணூறு வருடம் அப்படியே ஓட்டியதில் எழுபது ஓய்வு பாக்கி நின்றது. அந்த எழுபதையும் நிலம் மொத்தமாக எடுத்துக்கொண்டது. ஜனங்கள் எழுபது வருடம் பாபிலோனில் சிறை கிடக்க, ஊரில் நிலம் சும்மா கிடந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் ஆசீர்வாதத்துக்கு உடம்பு சிலிர்க்கும். கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும்.

இரண்டாயிரத்துப் பதினைந்து செப்டம்பரோடு ஓர் ஏழாம் வருடம் முடிகிறது, அந்த மாதம் பெரிதாக ஏதோ நடக்கும் என்று ஒருமுறை சர்ச்சில் எழுந்து நின்று சொன்னார். அதைக் கேட்டுப் பயந்துபோன அதே சர்ச் சவரிநாதன், தன் மகள் சினேகாவின் கல்யாணத்தை டிசம்பருக்குத் தள்ளிவைத்தார். செப்டம்பரில் ஓர் ஓடு கூடப் பெயரவில்லை. டிசம்பரில் வெள்ளம் வந்து கல்யாண மண்டபத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. "மூணு மாசம்தான் தப்பாப்போச்சு" என்று சமாதானம் சொல்லப் போனவர், செருப்படி வாங்காமல் திரும்பியதே பெரிய விஷயம். அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தாலே சிரிப்புதான்.

அதே வெள்ளத்தில் கம்பெனியின் பழைய ரிஜிஸ்டர்களும் ஊறிக் கூழாகிப் போயின.

கம்பெனியில் ஏழு வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஆசிட் டேங்கைக் காலி செய்து, உள்ளே இறங்கி, ஆசிட் அரித்தது போக மிஞ்சிய அடித்தகட்டின் கனத்தை அளப்பார்கள். முதல் இரண்டு முறையும் இறங்கி அளந்தவர் ஆசீர்வாதம். அளவை ரிஜிஸ்டரில் எழுதியதோடு, தன் நோட்டிலும் குறித்துக்கொண்டார். இரண்டாயிரத்துப் பதினெட்டில் மூன்றாம் முறை வந்தது. உற்பத்தியை நிறுத்த முடியாது என்று மேலிடத்தில் தள்ளிப்போட்டார்கள்.

மராமத்து ஆபீசர் லட்சுமணனிடம் ஆசீர்வாதம் போனார். நோட்டு சட்டைப் பாக்கெட்டில்தான் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். இவர் இஸ்ரவேலரிலிருந்து ஆரம்பித்தார். பாபிலோன் வருவதற்குள் லட்சுமணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆசீர்வாதம், சர்ச் வேற, கம்பெனி வேற" என்றார். ஆசீர்வாதத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாக்கெட்டில் கைகூட வைக்காமல் வெளியே வந்துவிட்டார்.

நான்கு வருடம் கழித்து ஓய்வு பெற்றபோது, தன் வேலையைச் சிபாரிசு செய்து மருமகன் அஜினுக்கே வாங்கிக் கொடுத்தார். மகள் பெர்சிஸும் அஜினும் குடியிருப்பது சடையங்குப்பத்தில், கம்பெனி மதிலுக்குக் கூப்பிடு தூரத்தில்.

நான்காம் முறை வந்த இந்த வருடமும் டேங்கைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டதும் வியாழக்கிழமை காலையிலேயே மகள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"மாப்ள, அந்த வேலைய வுட்டுடு. ரெண்டு ஓய்வு தவறிப்போய் கீது."

"இன்னா மாமா, மறுபடியும் பாபிலோனா?" அஜின் ஷூவை மாட்டிக்கொண்டே சிரித்தான். "வேலைய வுட்டா சோறு போடறது யாரு, பாபிலோன் ராஜாவா?"

ஆசீர்வாதம் நோட்டைத் தூக்கி அவன் மடியில் எறிந்தார். அஜின் வேண்டாவெறுப்பாகப் புரட்டினான். ஓய்வு வருடம், ஐம்பதாம் வருடமான யூபிலி, ராஜாக்களின் ஆட்சிக்காலம். நடுவில் ஒரு பக்கத்தில் அவன் கை நின்றது.

"புதுசுல பன்னெண்டு எம்எம். மொத ஏழு வருசத்துல ஒண்ணு போயிருக்கு. அடுத்த ஏழுல ரெண்டு." விரலை மடக்கினான். "இப்டியே போனா அடுத்தது நாலு. அதுக்கடுத்தது எட்டு." முகத்தில் சிரிப்பு இல்லை. "மாமா, இப்ப அடியில இன்னாதான் மிச்சம் கீது?"

அஜின் அந்தப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இத்த ஏன் அப்பவே காட்டல? ரிஜிஸ்டர் போனப்புறம் இந்த அளவு வேற யார்கிட்டயும் இல்ல மாமா."

"சிரிச்சிட்டாரு மாப்ள" என்றார். சொல்லும்போதே அவமானமாக இருந்தது.

அஜின் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான். லட்சுமணன் சாரை டேங்குக்கே இழுத்துப்போய்க் காட்டுகிறேன் என்றான். போகாதே என்று சொல்ல வாயெடுத்த ஆசீர்வாதம், சொல்லவில்லை. பத்து வருடத்தில் முதல்முறையாக ஒருவன் அவர் கணக்கை நம்பியிருந்தான். சைக்கிள் தெரு முனையில் திரும்பும்வரை பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

பெர்சிஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். பாதி குடித்திருப்பார், கம்பெனியின் அபாயச் சங்கு ஊதியது.

"ஒத்திகை போலப்பா" என்றாள் பெர்சிஸ்.

ஒத்திகைச் சங்கு சனிக்கிழமைதான் ஊதும். அன்று வியாழன்.