ராக்கெட்டின் பழுப்புத் திட்டு

காதுக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்து பார்க்காமல் எந்த நாயையும் காமிராவுக்கு முன்னால் அனுப்பமாட்டாள், சினிமாவுக்கு நாய் பழக்கும் டோரீன். அறுபத்தொரு வயது. கால்சட்டையில் ஆறு பைகள். ஆறிலும் நாய்களுக்கான அவித்த ஈரல். லாஸ் ஏஞ்சல்ஸ் கடைகளில் அவள் வரிசையில் நின்றால் அந்த வாடை தாங்காமல் முன்னால் நிற்பவர்கள் தாமாகவே வழிவிடுவார்கள்.

இந்தப் படத்தில் ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப்பலகை ஓட்டும் நாய்க்கு ராக்கெட் என்று பெயர். பார்க்கிற குழந்தைகளுக்குத்தான் அது ஒரு நாய். உண்மையில் மூன்று வெள்ளைப் புல்டாக்குகள். பிக்கிள்ஸ் சறுக்கும். டாட்டி முகத்தை நக்கும். கிழட்டு வாஃபிளுக்கு இதயம் பலவீனம் என்பதால் தூங்கும் வேலை மட்டும். மூன்றுக்கும் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இடக்கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு வரைவார்கள். அப்புறம் பெற்ற தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது.

"மூஞ்சி பொய் சொல்லும், காது சொல்லாது" என்பாள் டோரீன். "பிக்கிள்ஸ் காதுல பழைய சீஸ் வாசனை. வாஃபிளுக்கு வறுத்த சோளம்."

அன்று அவளுக்கு நல்ல ஜலதோஷம். முகர்ந்தாள், ஒன்றும் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு, வழக்கம்போலத் தலையாட்டி, ஒரு நாயை இரண்டாள் உயரச் சாய்தளத்தில் ஏற்றிவிட்டாள். "ஆக்‌ஷன்!" என்றதும் மேலே பலகையைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார். நாயோ பலகைமேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

டோரீன் அலறினாள். "ஐயோ, பிடிங்க! அது வாஃபிள்!"

பலகை அதற்குள் கீழே பாய்ந்து, எதிர்ச்சரிவில் எகிறியது. நாய் தனியே காற்றில் பறந்தது. மெத்தைக் குவியலில் பொத்தென்று விழுந்த பிறகுதான் வாஃபிள் கண்ணைத் திறந்தது.

டோரீன் ஓடிப்போய் அதை மடியில் அள்ளிக்கொண்டு நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் டைரக்டர் பிரைஸ் கைதட்டிக்கொண்டே வந்தான்.

"தூங்கிக்கிட்டே பறக்குது டோரீன்! இதான் படமே! இன்னொரு தடவை போயிடலாம்."

தன் காதையே அவளால் நம்ப முடியவில்லை. "இது செத்துப்போயிடும் பிரைஸ். மூக்கடைப்புல நான்தான் ஆள் மாத்தி அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

"ஒண்ணும் ஆகலையே! வெயில் இறங்குறதுக்குள்ள எடுத்துடலாம். ராக்கெட்டை மேல ஏத்துங்க!"

இரண்டு பேர் நாயைத் தூக்க வந்தார்கள்.  டோரீன் கைக்குட்டையை எச்சிலால் நனைத்து, வாஃபிளின் இடக்கண்ணைச் சுற்றியிருந்த பழுப்புத் திட்டை அழுத்தித் துடைத்தாள், வெள்ளை முடி தெரியும்வரை.