பின் மைதானத்துக்குப் போன இரண்டாம் பாதி

ஹில்டா அசரியா தாம்பரத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியின் டிரில் டீச்சர். அப்பா ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று சர்ச் வாசலில் யாராவது துக்கம் விசாரித்தால், "அவளுக்கு அவ விசில் போதும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

1964இல் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பெண்பிள்ளைகளுக்கு எறிபந்துதான். வியர்க்காத ஆட்டம் அது, ஹில்டாவுக்குப் பிடிக்காது. பத்து வருஷம் கழித்து ஒரு மதியம், பல்லாவரம் கல்குவாரிப் பக்கத்திலிருந்து வரும் கிளியம்மாள் என்ற பெண் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு தேங்காய் மட்டையை உதைத்து மூன்று பேரைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். அடுத்த வாரமே ஒரு கால்பந்து வாங்கினாள். ஒரு வருஷத்தில் பள்ளியில் படிக்கும் பெண்களும் படிப்பை விட்ட பெண்களுமாகப் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஆட இடம்தான் இல்லை. ஊரில் ஒரு கிளப் இருந்தது. அதற்கு இரண்டு மைதானங்கள். மெயின் மைதானத்தில் மதில், பெவிலியன், சவுக்குக் கட்டையில் கட்டிய இரண்டு கேலரிகள். சுவருக்கு அந்தப் பக்கம் பின் மைதானம். அங்கே கருவேலம் முள், துணி காயப்போடும் கயிறு, யாருடையது என்று தெரியாத ஆடுகள். பெண்களுக்குப் பின் மைதானம். மெயின் மைதானத்தைக் கேட்டு இரண்டு வருஷம் ஹில்டா நடையாய் நடந்தாள். கிளப் செக்ரட்டரி பத்ரிநாராயணன் ஒவ்வொரு முறையும் காப்பி வரவழைத்துக் கொடுத்து, "பார்க்கலாம்" என்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எதையும் பார்க்காமலேயே இருக்கத் தெரிந்த மனிதர்.

1976 பிப்ரவரியில் பெங்களூர் பெண்கள் அணி ஒன்று மதராசுக்கு வருவதாகத் தெரிந்ததும் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"ஒரு மேட்ச் தரேன், ஹில்டா. மெயின் கிரவுண்ட்லயே வெச்சுக்கோங்க. நல்லபடியா நடந்தா வருஷா வருஷம் தரச் சொல்லி கமிட்டில நானே பேசறேன். ஏதாவது கலாட்டா ஆச்சுன்னா இதோட மறந்துடணும்."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவள் சைக்கிளை மிதித்ததாகவே நினைவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே மைதானத்துக்குப் போனாள். கோடு போட்டாயிற்று, வலை கட்டியாயிற்று. கிழக்குக் கேலரிக்கு அடியில் ஏசுதாசன் குந்தியிருந்தான். கேலரி கட்டும் மேஸ்திரி அவன். கட்டை கட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒரு மழைக்காலம் நனைந்த நார்க்கயிற்றை மறுபடி நம்பமாட்டார்கள். ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் பழைய முடிச்சுகளை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுக்கயிற்றில் கட்டுவார்கள். வெளியே பார்த்தால் கயிறு கயிறாகத்தான் இருக்கும், உள்ளே உளுத்துப் போயிருக்கும்.

"மேற்கால புச்சாக் கட்டியாச்சு டீச்சரம்மா. அங்கதான சீஃப் கெஸ்ட் குந்துவாரு. இது போன வருசக் கயிறு. பொம்பளைங்க மேட்ச்சுக்கு இந்தாண்ட எவன் வரப்போறான்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு." முடிச்சு ஒன்றை விரலால் நெருடினான். பழுப்பாகத் தூள் உதிர்ந்தது. "நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இத்த மூடச் சொல்லிடுவாரு."

ஹில்டா யோசித்தாள். சொன்னால் பத்ரிநாராயணன் கேலரியை மூடுவாரா, மேட்ச்சையே மூடுவாரா? 'பார்க்கலாம்' என்பார். பெங்களூர் பெண்கள் மறுநாள் ரயிலேறிவிடுவார்கள். அவளுக்கே தெரியும், பள்ளிக்கூடப் பெண்களின் ஆட்டத்துக்கு நூறு பேர் வந்தால் அதிகம்.

"நூறு பேரைத் தாங்கும் இல்ல?" என்று கேட்டாள்.

"நூறு தாங்கும்."

"அப்ப விடுங்க ஏசுதாசன்."

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். கீழே உதிர்ந்த தூள் அவள் கண்ணில் பட்டது. வேலை இருந்ததால் அதைக் கவனிக்காமல் விட்டாள்.

மூன்று மணியிலிருந்து கூட்டம் வர ஆரம்பித்தது. பெண்கள் அரை டிராயரில் ஆடுகிறார்கள் என்ற சேதி ஊரெல்லாம் பரவியிருந்தது போலும். ஒவ்வொரு எலெக்ட்ரிக் ரயிலும் ஒரு சந்தைக் கூட்டத்தை இறக்கிவிட்டது. குரோம்பேட்டைத் தோல் கம்பெனி ஆட்கள், குவாரி ஆட்கள், படப்பை பஸ்ஸில் வந்தவர்கள், காலேஜ் பையன்கள். மேற்குக் கேலரி கால் மணியில் நிறைந்தது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் கிழக்கே ஏறினார்கள். நூறு, ஐந்நூறு, ஆயிரம். சந்தோஷப்பட வேண்டிய காட்சிதான். ஹில்டா எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பத்து நிமிஷம் சீட்டியும் கெட்ட பேச்சும். பிறகு கிளியம்மாள் நடுக்கோட்டிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போய், இரண்டு பேரை ஏமாற்றி, கோல்கீப்பரின் வலது கைப்பக்கம் தள்ளினாள். சீட்டி நின்றது. அப்புறம் மொத்தக் கேலரியும் எழுந்து குதித்தது. முழங்காலைப் பார்க்க வந்தவர்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஹில்டா காத்துக்கொண்டிருந்த நிமிஷம் அதுதான். அந்த நிமிஷத்தில் அவள் பந்தைப் பார்க்கவில்லை. கிழக்குக் கேலரி மொத்தமாக வலப்பக்கம் ஒரு சாண் போய், மெல்லத் திரும்பி வந்ததைப் பார்த்தாள்.

கடவுளே, இன்னொரு கோல் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். தன் பிள்ளைகள் கோல் போடக்கூடாது என்று வேண்டிய டீச்சர் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இடைவேளை விசில் ஊதியதும் ஏசுதாசன் ஓடிவந்தான்.

"அம்மா, ஆறாவது காலு மண்ண வுட்டு எழும்பிகினு கீது. ரெண்டு முடிச்சு அந்துபோச்சு. நாங்க நாலு பேரு முட்டுக் குடுத்துகினு கீறோம். இன்னொரு தபா குதிச்சானுங்கன்னா அவ்ளோதான்."

அவள் பெவிலியனுக்கு ஓடினாள். பத்ரிநாராயணன் சீஃப் கெஸ்டுக்கு பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தவர், தள்ளிவந்து காதோடு சொன்னார்: "இப்ப எறங்கச் சொன்னா கலாட்டா ஆயிடும். இன்னும் அரை மணிதானே. தாங்கிடும், தாங்கிடும்."

பள்ளியில் தீ ஒத்திகை நடத்துகிறவள் ஹில்டா. தீ என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் சொல்லவே கூடாது என்பது அதில் முதல் விதி. கேலரி விழப்போகிறது என்று மைக்கில் சொன்னால் ஆயிரம் பேரும் ஒரே பக்கம் பாய்வார்கள், அந்தப் பாய்ச்சலிலேயே அது விழும். கூட்டம் தானாக இறங்க வேண்டும், அவசரமில்லாமல் இறங்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான் தோன்றியது.

அவள் போய் மைக்கைப் பிடித்தாள்.

"ஒரு சின்ன மாற்றம். மெயின் மைதானத்தின் தரை எங்கள் பெண்களுக்குப் பழக்கமில்லை. காலெல்லாம் கொப்பளித்துவிட்டது, இதில் அவர்களால் ஆட முடியவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டபடி இரண்டாம் பாதி பின் மைதானத்தில் நடக்கும். வீராங்கனைகள் டீ குடித்துவிட்டு வருவார்கள். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, யாரும் அவசரப்பட வேண்டாம். கீழ் வரிசையிலிருந்து மெதுவாக இறங்கி வாருங்கள்."

கேலரி முழுக்கச் சிரித்தது. "பொம்பளைங்களுக்கு மெயின் கிரவுண்ட் எதுக்குய்யா?" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் ஆடு மாதிரிக் கத்திக் காட்டினான். ஆனால் இறங்கினார்கள். வரிசை வரிசையாக, கேலி பேசிக்கொண்டு, வேர்க்கடலை மென்றுகொண்டு. கட்டைகள் முனகுவது மைதானத்தின் இந்தக் கோடி வரை கேட்டது. ஹில்டா ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாக, உச்சி வரிசையில் முகத்தின் மேல் பேப்பரைப் போட்டுத் தூங்கிய ஒரு பெரியவரை ஏசுதாசனே தவழ்ந்து ஏறிப் போய் எழுப்பி இறக்கினான். கேலரி காலியானது. அது விழவில்லை. கொஞ்சம் சாய்ந்தபடி, ஒன்றும் நடக்காதது போல நின்றது.

பின் மைதானத்தில் பந்து கல்லில் பட்டு கல்லில் பட்டுத் துள்ளியது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் பத்ரிநாராயணன் புதுக்கயிறு வாங்கிக் கொடுத்துக் கேலரியை இறுக்கக் கட்டச் சொல்லிவிட்டார். மேயில் நடந்த ஆண்கள் ஃபைனலுக்கு இரண்டாயிரம் பேர் ஏறியும் அசையவில்லை. கேலரி ஆடியது என்று யார் சொன்னாலும் இனி யார் நம்புவார்கள்? ஆனால் மைக்கில் சொன்னதை ஊரே கேட்டிருந்தது. கமிட்டி தீர்மானம் எழுதியது: மெயின் மைதானத்தில் பெண்களால் ஆட முடியாது என்று அவர்களுடைய டீச்சரே ஒப்புக்கொண்டுவிட்டபடியால், இனி அந்தக் கோரிக்கை பரிசீலிக்கப்பட மாட்டாது. மற்ற கிளப்புகளும் அதையே எடுத்துக் காட்டின. கிண்டி வரைக்கும் அந்தப் பேச்சு போயிருந்தது.

மறுத்து எழுதியிருக்கலாம். மூன்று முறை பேனாவை எடுத்தாள். எழுதினால் ஏசுதாசனுக்கு வேலை போகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. எழுதினால் காலை ஏழு மணியையும் எழுத வேண்டியிருக்கும். பதினான்கு பேர் ஒன்பதானார்கள், ஒன்பது ஐந்தானது. அவளும் எறிபந்துக்கே திரும்பினாள்.

அந்த ஜூனில் ஒரு சாயங்காலம் கிளியம்மாள் வந்தாள். கொடுத்திருந்த கான்வாஸ் ஷூவைக் கழுவி, காயவைத்து எடுத்து வந்திருந்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

"மிஸ், என் காலு கொப்பளிக்கவே இல்லியே. நான் எதுவும் கேக்கவும் இல்ல. குவாரில அல்லாரும் சிரிக்கிறாங்க. ஏன் மிஸ் அப்டி சொன்னீங்க?"

யாரிடமும் சொல்லாததை ஹில்டா அவளிடம் சொன்னாள். எழும்பிய கால், அறுந்த முடிச்சு, பிஸ்கட் தட்டு, மைக். சொல்லச் சொல்ல நான்கு மாதப் பாரம் இறங்குவது போலிருந்தது. அத்தனை பேரையும் காப்பாற்றத்தான் உன் பெயரைக் கெடுத்தேன் என்று அழுதேவிட்டாள்.

கிளியம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கயிறு உளுத்துக் கீதுன்னு எப்ப மிஸ் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

ஹில்டாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "காலைல" என்றாள்.

பெண் கையை விட்டுவிட்டாள்.

"எங்கம்மா அந்தக் கேலரிலதான் குந்திகினு இருந்துச்சு மிஸ்" என்றாள். "கைக்கொழந்தையோட. நாந்தான் ரெண்டு மணிக்கே இட்டாந்து, நல்லாத் தெரியட்டும்னு மேல் வரிசைல குந்தவெச்சேன்."