பஸ்ஸில் போட்ட ஓகே

மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறை ஜன்னல் கால்நடைப் பண்ணையைப் பார்த்தபடி இருக்கும். கொரோனா காலத்தில் அந்த அறைதான் என் வகுப்பறை. மைக்கை ஆன் செய்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பிள்ளைகளுக்கு முந்திக்கொண்டு மாடு ஒன்று பதில் சொல்லும். "மிஸ், அதுக்குப் புரிஞ்சிடுச்சு" என்று ஏதாவது ஒரு வாண்டு கத்தும். கோபம் வந்த மாதிரி நடிப்பேன். இன்று கரும்பலகை முன்னால் நிற்கும்போது அந்த மாட்டுக்குரலுக்கு மனசு ஏங்குகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பள்ளியில் எங்களுக்கு டிஜிட்டல் நோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். வகுப்புக்கு ஒரே நோட்டு, அதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பகுதி. அவர்கள் போனில் எழுத எழுத என் லேப்டாப்பில் தெரியும். முதலில் எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கணக்கு என்றால் கையில் சாக்பீஸ் தூள் ஒட்ட வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். ஆனால் சீக்கிரமே விழுந்துவிட்டேன். வகுப்பில் எல்லோரும் குனிந்து எழுதும்போது எனக்குத் தெரிவது தலைமுடிதான். இங்கேயோ ஒரு பிள்ளை மைனஸா ப்ளஸா என்று தயங்கி, போட்டு, அழித்து, மறுபடி போடுவது என் கண்முன்னே நடக்கும். இத்தனை வருஷம் இதைப் பார்க்காமலா பாடம் நடத்தினோம் என்று இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து வேலைக்காக ஓசூர் வந்த குடும்பம், வீட்டில் தெலுங்கு. அப்பா ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். வீட்டுக்கே ஒரு போன்தான், அதுவும் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடும். அவருக்கு மத்தியானம் போய் நடுராத்திரி திரும்பும் செகண்ட் ஷிப்ட் வரும் வாரங்களில்தான் இவள் காலை வகுப்புக்கு வருவாள். விரலாலேயே எழுதுவாள். கணக்கில் வரும் ஒவ்வொரு எக்ஸும் பூசணிக்காய் அளவு இருக்கும். ஒரு கணக்கைத் திருத்த நான் பக்கத்தை உருட்டிக்கொண்டே போக வேண்டும்.

அப்பா வேலை பார்க்கிற மாதிரி கம்பெனியில் இன்ஜினியராக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் கணக்கைக் கண்டாலே நடுக்கம். "பத்தாவதோட கணக்கை விட்டுடறேன் மிஸ்" என்பாள். கணக்கை விட்டுவிட்டு எந்த ஊரில் இன்ஜினியர் ஆவது? எனக்கு எரிச்சல் வரும், கூடவே பயமும் வரும். பிடிக்கிற நேரத்தில் பிடிக்காவிட்டால் இவள் கையை விட்டுப் போய்விடுவாள் என்று தெரிந்தே இருந்தது.

அப்படி இருக்கும்போது அவள் நோட்டுப் பக்கத்தில் ஒரு விசித்திரம். காரணிப்படுத்தும் கணக்கு, தப்பாகப் போட்டிருந்தாள். நான் சிவப்பில் எக்ஸ் போட்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே கோணல்மாணலாக ஒரு ஓகே, அதைச் சுற்றி வட்டம், பக்கத்தில் இனிஷியல். அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே. சரியோ தப்போ, எல்லாக் கணக்குக்கும் ஓகே.

"உன் கணக்குக்கு நீயே மார்க் போட்டுக்கறியா?" என்று கடுப்படித்தேன்.

"அப்பா போட்டது மிஸ்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இப்படி எல்லாவற்றுக்கும் ஓகே போட்டால் அந்தப் பெண் என் எக்ஸை ஏன் பார்க்கப் போகிறாள்? நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவருக்கு வார லீவு நாளில் போன் செய்தேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கணக்கு சரின்னு நான் போடலைங்க. அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? நான் வர்றப்ப பாப்பா தூங்கிடுது. நான் எந்திரிக்கறப்ப கிளாஸ்ல இருக்குது. கம்பெனி பஸ்ல திரும்பி வர்றப்ப நோட்டைத் திறந்து பார்ப்பேன். லைன்ல ஒரு பீஸ் கைக்கு வந்தா பார்த்து ஓகே போடாம அனுப்ப மாட்டோம்ங்க. அந்தப் பழக்கம். அப்பா பார்த்துட்டாருன்னு அதுக்குத் தெரியணும் இல்லைங்களா?"

அந்த ஓகே ஏன் அப்படி ஆடியது என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாம் அந்த பஸ் வரும் கெலமங்கலம் சாலைப் பள்ளங்கள்.

"லைன்ல தப்பான பீஸ் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"திருத்தித் தரச் சொல்லி ரீவொர்க்னு எழுதித் திருப்பி அனுப்புவோம் மேடம். எடுத்தவுடனே தூக்கிப் போட மாட்டோம்."

"அப்ப நான் எக்ஸ் போட்ட கணக்குக்கு ரீவொர்க் போடுங்க. அவ திருத்தி, நான் டிக் போட்ட பிறகு ஓகே போடுங்க."

"ஆமாங்க மேடம், அதான் கரெக்டான ப்ராசஸ்" என்றார், என்னமோ நான் அவர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் மாதிரி.

இரண்டு நாள் கழித்து அவள் பக்கத்தில் முதல் ரீவொர்க் விழுந்தது. நான் மாதக்கணக்காகப் போட்ட எக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள், அன்று காலையே உட்கார்ந்து அந்தக் கணக்கைத் திருத்தினாள். எனக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது. போகப் போக ரீவொர்க் குறைந்தது. கணக்கை விடுகிற பேச்சும் நின்றது. பள்ளி திறந்து காகித நோட்டு வந்ததும் அந்த ஓகேவும் நின்றுபோனது.

சமீபத்தில் பள்ளியில் வேறு ஆப்புக்கு மாறினார்கள். பழைய நோட்டுகள் அழிந்துவிடும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட்டேன். நாலைந்து கட்டைவிரல்கள் வந்தன. அவள் மட்டும் நேரிலேயே வந்தாள். சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். அப்பா இன்னும் ஷிப்டில்தான்.

ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். திருத்தி, டிக் வாங்கிய பக்கங்களில் நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. நான் போன் செய்வதற்கு முன்னால் வந்த ஒரு பக்கத்தில் நின்றாள். என் சிவப்பு எக்ஸ், கீழே அந்தக் கோணல் ஓகே.

"இது போதும் மிஸ்."

"ஏம்மா, இது தப்பான கணக்கு."

"தெரியும் மிஸ். நீங்க போன் பண்ணதை அப்பா அப்பவே சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் போட்டதெல்லாம் நீங்க சொல்லிப் போட்டது. இது அவராவே போட்டது."

அந்தப் பக்கத்தை அவள் போனுக்கு அனுப்பினேன். அவள் போன பிறகு எனக்கும் அதில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.