உறையை விட்டு வராத கத்தி

கடலைக்காட்டு ஓரமாக வேகவேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஊர். ஊருக்கு நடுவில் கோவிந்தம்மா. அவருடைய அப்பா பர்மாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் கத்தியை ‘போலி’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

அந்த அம்மா அழுதிருந்தால் கொஞ்சம் மெதுவாக நடந்திருப்பேன். அழவில்லை. “ஒரு வாய் துன்னுட்டுப் போ தம்பி” என்றார். அப்புறம் எப்படி மெதுவாக நடப்பது?

இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். எனக்கு வீடு இல்லை. ஆனால் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் ஜப்பான் ராணுவ வாள்கள் இரண்டு, குத்துவாள் ஒன்று. திருப்பதியில் எந்த லாட்ஜில் தங்கினாலும் அந்தப் பெட்டிக்குத்தான் முதலில் இடம் பார்ப்பேன்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது? மணிப்பூர் எல்லையில், மோரேயில். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் ஊர் ஊராகப் போய், கடைசியில் அங்கே ஒரு தமிழர் ஓட்டலில் தட்டுக் கழுவினேன். படுக்கை, கடைப் பலகை மேல். மழை பெய்தால் உட்கார்ந்தபடி தூக்கம். அங்கே சந்தையில் பழைய சண்டைக் காலத்து இரும்பெல்லாம் வரும் — ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், எப்போதாவது ஒரு வாள். நான் ஆசை ஆசையாக வாங்கிய முதல் வாளின் பிடியில் டிராகன். அலகு முழுக்க ஜப்பான் எழுத்து. பளபளவென்று இருந்தது.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த வாள் அது! ஓட்டல்காரர் அதை வைத்துப் பலாக்காய் வெட்டினார்.

அன்றைக்கு ஆரம்பித்த படிப்புதான். ஜப்பான் அதிகாரியின் வாள் என்றால் பிடி மரத்தில் இருக்கும். அதன் மேல் சொரசொரப்பான மீன்தோல், அதற்கும் மேல் கயிறு சுற்று. ஒரு மூங்கில் ஆணியைத் தட்டினால் பிடி கழன்று வரும். உள்ளே ஒளிந்திருக்கும் இரும்பில் துருவின் நிறம் பார்க்க வேண்டும். செம்மண் மாதிரி இருந்தால் நேற்று பிடித்த துரு. புளியங்கொட்டை மாதிரி கறுத்திருந்தால் வயசான துரு. டிராகன், தங்கப் பூச்சு எல்லாம் இருந்தால் காசைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். போலி நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அசல் முகம் கொடுக்காது.

இதையெல்லாம் இந்தப் பத்தியில் எழுதப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன். விஜயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு ரிடையர்ட் ஹவில்தார் போன் செய்தார். பெயர் துரைசாமி. பஞ்சாயத்து ஆபீஸ் எதிரில் கொடிக்கம்பம் வைக்கிறார்களாம். அடியில் ஒரு கல். பழைய உலகச் சண்டையிலிருந்து இன்றுவரை அந்த ஊரிலிருந்து மிலிட்டரிக்குப் போன எல்லோர் பெயரும் அதில் வரும்.

ஒரு பெயரில் மட்டும் தகராறு. முனிரத்தினம். கோவிந்தம்மாவின் நைனா.

கோவேறு கழுதைப் பட்டாளத்தில் பர்மா போனார், ஜப்பான்காரர்கள் சரணடைந்தபோது குவித்துப்போட்ட கத்திகளில் ஒன்றைக் கொண்டுவந்தார் என்பது மகள் சொல்வது. காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை, கரையான். கத்தி மட்டும் இருக்கிறது. ஆனால் அதை வீட்டில் வைத்தால் தூக்கம் வரவில்லை என்று முனிரத்தினம் அதை அம்மன் கோயில் கூத்துக்குக் கொடுத்துவிட்டார். வருஷா வருஷம் ராஜா வேஷக்காரர் இடுப்பில் தொங்கியே அது டிராமா கத்தி ஆகிவிட்டது. கொடுத்தவரும் ‘டிராமா மிலிட்டரி’ ஆகிவிட்டார். அந்தப் பட்டப்பெயரைக் கேட்டுக்கொண்டேதான் கோவிந்தம்மா வளர்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார், அறுபதைத் தாண்டினார்.

“அசல்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா பேரு கல்லுல ஏறிடும் சார். நாளைக்குக் கல்லு வெட்றவரு வராரு. இல்லன்னா நானும் ஒன்னியும் பண்ண முடியாது” என்றார் துரைசாமி.

ஒரு வார்த்தைதானே என்று போனேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டு நடந்துகொண்டிருந்தேன். தப்பு என்று அப்போது தெரியாது.

நீங்களே சொல்லுங்கள். கோயில் பெட்டியிலிருந்து வெளியே வந்தது என்ன? பிடி முழுக்க சில்வர் பெயிண்ட், அதன் மேல் கோல்டு பெயிண்ட். அலகிலும் சில்வர். தனியாகக் கிடந்த உறைக்கும் பிடியின் அடிக்கும் சிவப்பு வெல்வெட், கண்ணாடிச் சில்லு. கயிறு சுற்று இல்லை. மரம் இல்லை. மூங்கில் ஆணி இல்லை. பிடி என்ற இடத்தில் அலுமினியக் கட்டி ஒன்று, தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழவென்று. கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். டிராமா சாமான் என்று சொல்லிவிட்டேன்.

என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் துணைக்கு வந்தவர் ஏழுமலை. பகலில் பெயிண்டர். கூத்தில் ராஜா. அந்தக் கத்தியைக் கட்டிக்கொண்டு ஆடுகிறவர் அவர்தான். என் முகம் தொங்கிப்போயிருந்ததைப் பார்த்து, சிரிக்க வைக்கலாம் என்று ஒரு கதை சொன்னார்.

“நான் ராஜா கட்டின மொத வருசம் சார். சண்டைக்குக் கெளம்பணும். மத்தளம் அடிச்சுக்கினே கீறாங்க, கத்தி உறைய உட்டு வரமாட்டேன்னுது. இழுக்கறேன், இழுக்கறேன்... கோமாளி, கட்டியங்காரன் சும்மா இருப்பானா? ‘ராஜாவுக்குக் கோவம் வந்துட்ச்சு, கத்திக்கு இன்னும் வரல’ன்னுட்டான். ஊரே உருண்டு சிரிக்குது.”

“துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதா?” என்று கேட்டேன்.

“துருவா? இல்ல சார். பிடியாண்ட ஒரு குமிழு கீது. அத அமுக்கினாத்தான் வரும். எவனுக்குத் தெரியும்? அப்பறம் அத அமுக்கி வெச்சு கம்பியால கட்டிப்புட்டோம், மேல வெல்வெட்டு சுத்திட்டோம்.”

நின்றுவிட்டேன்.

கூத்துக்குக் கத்தி செய்கிறவன் யாராவது பூட்டு வைப்பானா? கோபம் வந்ததும் ராஜா உருவ வேண்டும் — அதற்காகத்தானே செய்கிறான்? பூட்டு யாருக்குத் தேவை? சேற்றில் ஊர்ந்து, மேட்டில் ஏறி, ஓடும்போது கத்தி நழுவி விழக் கூடாது என்கிறவனுக்குத் தேவை. போலி, வாங்குகிறவனுக்காகச் செய்தது. அதில் இடைஞ்சலே இருக்காது. யாரோ எங்கேயோ உபயோகித்த பொருளில்தான் நமக்குப் புரியாத ஓர் இடைஞ்சல் இருக்கும். டிராகன் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த எனக்கு, இந்த இடைஞ்சலைத் தேடத் தெரியவில்லை.

பஸ் வந்தது. போனது. நாங்கள் ஊருக்குள் திரும்பி நடந்தோம். ஓடினோம் என்றே சொல்லலாம்.

நல்லவேளை, ராஜா பெயிண்டராக இருந்தார். வீட்டுக்குப் போய்த் தின்னரும் பட்டி போடும் தகடும் கொண்டுவந்தார். கோயில் முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். கோல்டு போனது. சில்வர் போனது. அதற்குக் கீழே ஒரு பச்சை, ஒரு சிவப்பு... எத்தனை திருவிழாவோ! கடைசியில், குழாய் மாதிரி இருந்த இடத்தில் பள்ளம் பள்ளமாகக் கோடு விழ ஆரம்பித்தது. கயிறு சுற்றியது போன்ற அச்சு. உலோகத்திலேயே வார்த்த கயிறு. ஓரங்களில் பழைய காப்பிக்கொட்டை நிறப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். இது அதிகாரிகள் வாள் இல்லை. அதிகாரிக்குக் கீழே, சிப்பாய்க்கு மேலே இருந்தவர்களுக்காக ஃபேக்டரியில் மொத்தமாகச் செய்தது. மரமும் மீன்தோலும் இல்லாத கவர்மெண்ட் சாமான். நான் கற்ற பாடமெல்லாம் பெரிய வீட்டுப் பாடம்.

விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த துரைசாமி குனிந்து பார்த்தார். “அப்போ இது நம்ம ரேங்கு கத்தியா?” என்றார். குரலிலேயே ஒரு மரியாதை ஏறியிருந்தது.

கவர்மெண்ட் சாமான் என்றால் நம்பர் இருக்க வேண்டுமே? அலகில், பிடியை ஒட்டி, சில்வரைத் துடைத்தோம். இருந்தது. குட்டி குட்டியாக, தட்டிப் பதித்த நம்பர். உறை வாயிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். கண்ணாடிச் சில்லோடு வெல்வெட்டைக் கிழித்தோம்.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. ‘டிராமா மிலிட்டரி’ என்று சொன்ன வாய்களும் அங்கேதான் இருந்தன. கோவிந்தம்மா கூட்டத்துக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு.

உறையைத் துரைசாமி பிடித்துக்கொண்டார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அலகு என்னிடம். பரேடில் ரைஃபிள் நம்பர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தோம்.

“ஃபோர்” என்றேன். “ஃபோர்” என்றார்.

“செவன்.” “செவன்.”

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கடைசி எண்ணில் துரைசாமி நிறுத்திவிட்டார். பெயிண்ட் அடைத்திருந்தது. ஏழுமலை தின்னரில் துணியை நனைத்து, குழந்தைக்கு மூக்கு துடைக்கிற மாதிரி மெதுவாகத் துடைத்தார். 

“ஒன்” என்றார் துரைசாமி.

நான் அலகைத் திருப்பி அவருக்கே காட்டினேன். ஒன்.

உறையும் கத்தியும் ஒரே ஜோடி. தொழிற்சாலையிலிருந்து ஒன்றாகக் கிளம்பி, பர்மா போய், கூத்து ஆடி, இந்தச் சாக்கு வரைக்கும் பிரியாமல் வந்திருக்கின்றன. “அசல்” என்றேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அலகைத் தொடலாமா என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். கூத்தில் கட்டியங்காரராக வருகிறவர் விசில் அடித்தார்.

கத்தி அசல் என்றால் ஆள் போனதும் உண்மைதானா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பையன் கேட்டான். “இத எந்தக் கடையிலடா விக்கறான்? உங்க தாத்தா ஒன்னு வாங்கி வந்திருக்கலாமே” என்று துரைசாமி அவன் வாயை அடைத்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோவிந்தம்மா முன்னால் வந்தார். கத்தியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேராகத் துரைசாமியைப் பார்த்தார்.

“பேரு எழுதிக்கினியா?”

ஹவில்தார் எழுந்து நின்றார். “இன்ஷியலு இன்னாக்கா?” என்று கேட்டார்.

அன்றைக்கு அந்த அம்மா வீட்டில் சாப்பிட்டேன். கேழ்வரகுக் களி, கடலைச் சட்னி. போலி என்று சொன்னவனுக்கும் அதேதான் வைத்திருப்பார். அதுதான் கொஞ்சம் உறைத்தது. படுக்கை கோயில் மண்டபத்தில். நல்ல தூக்கம்.

மறுநாள் காலை புத்தூரிலிருந்து கல் வெட்டுகிறவர் வந்தார். மெஷின் கொண்டுவந்திருந்தார், உதவியாள் வரவில்லை. வெட்டும்போது தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டுமாம். லாட்ஜ் வாட்ச்மேன் வேலையைப் போன வாரம் விட்டிருந்த நான் சும்மாதானே நிற்கிறேன்? தண்ணீர் மக்கை வாங்கிக்கொண்டேன்.

ஊற்ற ஊற்ற வெள்ளைத் தூசு கரைந்து ஓடியது. முதலில் இன்ஷியல் தெரிந்தது. அப்புறம் மு. அப்புறம் னி. வெயில் ஏறியும் கோவிந்தம்மா நிழலுக்குப் போகவில்லை.

எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்து, பாதியில் விட்டு ஓடியிருக்கிறேன். சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்ட வேலை இது ஒன்றுதான்.