பிடி நழுவவில்லை

மைதீன் போய்விட்டான் என்று பரசு போனில் சொன்னபோது பகல் பதினொன்றரை மணி இருக்கும். செம்பூரில் என் ஆபீஸ் மேஜையில், டைப் ஆகி வந்த கடிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "டைபாய்டாம். நேத்து சாயங்காலம். காலைல அடக்கமும் ஆயிடுச்சாம், எனக்கே இப்பதான் சொன்னாங்க" என்றான். சரி என்று சொல்லி போனை வைத்தேன். மிச்சக் கடிதங்களையும் பார்த்து முடித்தேன். ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தை முழுக்கச் சாப்பிட்டேன். ஊறுகாயில் உப்பு கூடிவிட்டது என்றுகூட நினைத்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

இந்தப் பழைய மாணவர் மலரைப் படிக்கும் பலருக்கு அவனைத் தெரியும். தாராவியில் மாமாவின் தோல் பட்டறைக்குப் பின்னால் குடியிருந்து, மாட்டுங்காவில் நம் கல்லூரிக்கு வந்தவன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வயதுதான், ஆனாலும் யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டான், 'நீரு'தான், 'வே'தான். சீனச் சண்டைக்கு அடுத்த வருடம் நம் சினிமா மன்றம் ஒரு இருபது நிமிஷ ஊமைப்படம் எடுத்ததே, தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் என்று, அதில் பரசு டைரக்டர், நான் கேமரா. மைதீனுக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என்ற வேலையை அவனே எடுத்துக்கொண்டான். அப்படி ஒரு வேலை இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

முதல் நாள் செம்பூரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மொட்டைமாடியில் படம் எடுத்தோம். நடித்த தொழிலாளி என்னை நோக்கி நடந்து வர, நான் கேமராவில் கண்ணைப் பதித்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தேன். இடுப்பில் யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். திரும்பினால் மைதீன் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "வே ஐயரே, பின்னால செவரு இருக்கா இல்லையான்னு பாத்தீரா?" என்றான். சுவர் இல்லை. இன்னும் இரண்டடி வைத்திருந்தால் மாடியும் இல்லை. அன்றிலிருந்து நான் எப்போது பின்னால் நடந்தாலும் என் பெல்ட் அவன் கையில் இருக்கும். ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் பின்னால் படி இருக்கிறது, பார்த்து இறங்கு. பேசினால் நடிப்பவர் அவனைப் பார்த்துவிடுவார் என்பதால் இந்த ஏற்பாடு. எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, மாட்டைப் பிடித்துப் போகிற மாதிரி.

பரசுவுக்கு ஒரு ஆசை. தொழிலாளி தண்டவாளத்தைக் கடக்க வேண்டும், மயிரிழையில் பின்னால் லோக்கல் ரயில் பாய வேண்டும். மாட்டுங்கா ஸ்டேஷனைத் தாண்டி இடமும் பார்த்துவிட்டான். மைதீன் கேமராப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தான். மூன்று வண்டி போகும்வரை எழுந்திருக்கவில்லை. பரசு கத்திப் பார்த்தான். "படத்துல சாவுறவன் படம் முடிஞ்சதும் எந்திரிச்சு வரணும்லா" என்றான் மைதீன், அவ்வளவுதான். கடைசியில் ஆளைத் தனியாக, வண்டி எதுவும் வராத பழைய சைடிங்கில் எடுத்தோம். வண்டியைப் பிளாட்பாரத்திலிருந்து எடுத்தோம். இரண்டையும் வெட்டி ஒட்டியபோது கல்லூரி ஹாலில் கைதட்டல் விழுந்தது அந்த இடத்துக்குத்தான். பரசு எழுந்து நின்று கும்பிட்டான்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

ஆவணி அவிட்டத்தன்று, ஒரு வார மழை விட்டு வெயில் அடித்தது. பூணூல் மாற்றிக்கொண்டு கோயிலிலிருந்து வெளியே வருகிறேன், வாசலில் பரசு. அவன் வீட்டில் இந்த வழக்கமெல்லாம் கிடையாது. "வெயில் போயிடும்டா, வேஷ்டியோடயே வா" என்று இழுத்துக்கொண்டு போனான். மைதீனின் மாமா பட்டறையில்தான் கடைசிக் காட்சி. தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகள் தரையோடு தரையாக வரிசையாக இருக்கும். நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு நடைபாதை. தொழிலாளி தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வர, நான் பின்னால் நடக்க வேண்டும். வேஷ்டியில் ஏது பெல்ட்? மைதீன் என் அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினான்.

"தொடாதே. இன்னிக்கு மடி" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். எதிர்க்கோடியில் நின்ற பரசுவுக்குக் கேட்கவில்லை. சுற்றிலும் மாட்டுத்தோல், மூக்கைத் துளைக்கும் நாற்றம்; வீட்டுக்குப் போனதும் தலைமுழுகித்தான் உள்ளே போக முடியும். அதன் நடுவே நான் மடி. யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. தானாக வந்தது என்பதால் குற்றம் குறைந்துவிடாது. மைதீன் என் முகத்தைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான். எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில், தொடாமல், இரண்டு கையையும் நீட்டியபடியே நடந்து வந்தான்.

பாதிப் பாதையில் ஈரத்தில் என் கால் வழுக்கியது. குழிப்பக்கம் சாய்ந்த என்னை மைதீன் இரண்டு கையாலும் பாதைக்கே தள்ளிவிட்டான். நான் பாதையில் விழுந்தேன், அவன் குழியில் விழுந்தான். நான் முதலில் கேமராவைத்தான் பார்த்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தொழிலாளி அவனைத் தூக்கி வெளியே போட்டு, குடம் குடமாகத் தண்ணீரை முகத்தில் ஊற்றினார். இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று மறுவாரம் டாக்டர் சொன்னார்.

மன்றத்தில் விசாரித்தார்கள். "துணியப் பிடிச்சிருந்தேன், பிடி நழுவிட்டு" என்றான் மைதீன். நான் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது வாயைத் திறக்கவில்லை. அஜாக்கிரதை என்று சொல்லி மன்றத்திலிருந்து அவனை நீக்கினார்கள், படத்தில் அவன் பெயரும் போடவில்லை. 'பிடியை விட்டவன்' என்று நீங்கள் சிரித்த நாட்களில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"உள்ளதச் சொல்லியிருந்தா எங்க மாமா ஒம்ம கேமராவயும் குழியில போட்டிருப்பாரு. படம் முடியணும்லா" என்றான்.

"கோபம் இல்லையா?"

"இல்லாம? நல்ல கோவம். அதுக்காவ, விழுதவனப் பாத்துக்கிட்டா நிக்க முடியும்?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "கேமராவுக்கு ஒத்தக் கண்ணு போதும்லா வே. நாந்தான் இனி சரியான கேமராமேன்." நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பில்லை எடுத்துக்கொண்டு எழுந்தேன், அதுதான் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் தாராவிக்குப் போனேன். மாமா என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கள்ல ஒரு வழக்கம் தம்பி. மவுத்தானவன் யாருக்கும் கொற வச்சிருந்தா, பொறுத்துக்கிடச் சொல்லி நாங்க கேக்கணும். அன்னைக்கு அவன் பிடிய விட்டதுல ஒங்க உசுரு போயிருக்கும். அவனப் பொறுத்துக்கிடுங்க."

"பொறுத்துக்கிட்டேன்" என்றேன்.

நான் சொன்ன வார்த்தை அதுதான். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போதுதான், யார் யாரைப் பொறுத்துக்கொண்டது என்பது உறைத்தது.

நினைவஞ்சலி எழுதுகிறவர்கள், போனவரிடமிருந்து தங்களுக்குக் கிடைத்ததைக் கடைசியில் சொல்வார்கள். மைதீனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவன் எனக்காகச் சொன்ன ஒரு பொய். ஆறு வருடம் அதை வசதியாக வைத்துக்கொண்டிருந்தேன். அன்று அவன் கையில் துணி எதுவும் இல்லை, நான் பிடிக்க விடவில்லை என்று உங்களிடம் இங்கே சொல்லிவிட்டேன். அவன் மாமாவிடம் இந்த மலரை நீட்டிவிட்டு வந்துவிடலாம் என்றால், அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வாயால்தான் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர் என் கையை விட்டுவிட்டால், அதுவும் சரிதான்.