பஞ்சாலை ஊரின் வரைபடமும் எங்கள் லயத்துக் கானும்

கேகாலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் எனக்கு வேலை. வெளிநாட்டு நூலகங்கள் அனுப்பும் பழைய வரைபடங்களைக் கணினியில் கோடு கோடாக மறுபடி வரைந்து கொடுப்போம். யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். அதன் கடைசி வீட்டில், ரப்பர் பால் வெட்டப் போகும் அக்காவும் நானும்தான்.

போன வருடம் என் கைக்கு வந்தது, விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை ஊரின் வரைபடம். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. தெருவிளக்குக் கம்பம், கைப்பம்பு, வாசற்படி, முற்றத்து மரம் எல்லாம் இருந்தன. தேவாலயத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்றுகூட எழுதியிருந்தார்கள். முதலாளியின் பூந்தோட்டத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தார்களோ, அதே நுணுக்கத்தோடு, முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீடுகளையும் அவர்களுடைய பொதுக் கக்கூஸ்களையும் வரைந்திருந்தார்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் மாவனெல்லைக்காரர். முஸ்லிம் வழக்கில் அக்கா என்ற பொருளில், ராத்தா என்று கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன்.

"தொழிலாளிங்க வீட்டப் போயி ஏன் ராத்தா இவ்வளவு கவனமா வரைஞ்சாங்க?"

"கழிவுத் தண்ணி ஓடக் கான் வெட்டத்தான். அழுக்குத் தண்ணியால காலரா வந்து அந்த ஊர்கள்ல எவ்வளவு சனம் மௌத்தாப் போச்சு. எந்த ஊட்டுத் தண்ணி எங்க போகுதெண்டு தெரிஞ்சாத்தானே கான் வெட்டலாம்?"

அன்று பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு போனேன். மழை பெய்தால் மலைத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்தான் வரும்; கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வோம். பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் அதே கதி. தோட்ட ஆபீசில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அங்கே சுவரில் தோட்டத்தின் வரைபடம் ஒன்று தொங்குகிறது. ரப்பர் மலை ஒவ்வொன்றுக்கும் அதில் எண் உண்டு. எங்கள் லயம் ஒரு கறுப்புக் கோடு.

"நம்ம லயத்த நான் வரையப் போறேன்," என்றேன் அக்காவிடம்.

"வரைஞ்சா தண்ணி பயந்து ஓடிருமாக்கும்?"

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்பின் மறுநுனியைப் பிடித்தவள் அவள்தான். சனம் முதலில் மிரண்டது. லயத்தை இடிக்கத்தான் அளக்கிறார்கள் என்று பேச்சு. அப்படியில்லை என்று தெரிந்ததும், என் கொய்யா மரத்தைப் போடு, கோழிக்கூட்டைப் போடு என்று பின்னாலேயே வந்தார்கள். எல்லாவற்றையும் போட்டேன். தண்ணீர்க் குழாய் யார் வாசலில் இருக்கிறது என்று இரண்டு மாமிகள் சண்டைக்கு நின்றபோது மட்டும், "பைப் இருக்கிற எடத்துலதான் போடுவேன். நீங்க சண்ட போட்டா அது நகராதுங்க மாமி," என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மழையில் அக்காவும் நானும் குடையோடு மலையேறினோம். தண்ணீர் போகும் வழியெல்லாம் அம்புக்குறி போட்டேன். கோளாறு எங்கள் வாசலில் இல்லை. லயத்துக்கு மேலே பழைய கான் ஒன்று மண் மூடிக் கிடந்தது. தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி எங்கள் பக்கம் விழுந்தது.

ராத்தா என் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்துத் தந்தார். ஆபீசில் என்ன பேசுவது என்று நான் பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறக்குமுன் அக்கா படத்தை மேசையில் விரித்துவிட்டாள்.

"மஹத்தயா, மெதனின் தமயி வத்துர ஹெரென்னே," என்றாள் சிங்களத்தில். இங்கேதான் தண்ணீர் திரும்புகிறது என்று ஒரு அம்பின் மேல் விரலை வைத்தாள்.

அதிகாரி எழுந்து வந்து பார்த்தார். மறுநாள் மலைக்கும் வந்தார். ஆனால் ஆள் கொடுக்க மாதக்கணக்கில் இழுத்தார்கள். அக்கா விடவில்லை, வாரம் தவறாமல் போய் நின்றாள். கடைசியில் ஆட்கள் மம்பட்டியோடு வந்து கானைத் திறந்தார்கள்.

இந்த வருட மழைக்கு எங்கள் தரை காய்ந்தே இருந்தது. பக்கத்து வீட்டில் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கற்களை எடுத்து அடுப்புக் கட்டிவிட்டார்கள். போன வாரம் கீழ் டிவிசனிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். தங்கள் லயத்தையும் வரைந்து தரும்படி, என்னிடம் அல்ல, அக்காவிடம்தான் கேட்டார்கள்.

"வரைஞ்சு தாறோம்," என்றாள் அவள். "ஆனா மழ கொட்டுற அன்னைக்கு ஒருத்தரும் கட்டில்ல ஏறி உக்காரக் கூடாது. எங்களோட மலைக்கு வரணும்."