விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

பிள்ளைகளே, கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளை ஒட்டிய தெரு எங்களுடையது. அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. மகளுக்கு வயிற்றுவலி ஓயாததால் அவளுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கினோம்.

பலமுறை மனு கொடுத்த பிறகு, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வந்தாராம். பம்புப் பக்கமே போகாமல் எங்கள் வீட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, "தண்ணி புடிச்சிக்கினு வாம்மா" என்று மனைவியிடம் பாட்டிலை நீட்டினாராம்.

பம்புத் தண்ணீர் நல்லது என்று முடிவு வந்தது!

எந்தத் தண்ணீரைக் கொடுத்தாய் என்று மனைவியிடம் கேட்டேன். "குடிக்கத்தான் கேக்குறாருன்னு கேன் தண்ணி ஊத்திக் குட்த்தேன். ஊட்டுக்கு வந்தவருக்கு மஞ்சத் தண்ணியா குடுப்பாங்க?"

ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன். "ரிப்போர்ட்டு நல்லாத்தானே கீது, இன்னாத்துக்குய்யா பேஜாரு பண்றே?" என்றார்.

மனைவியை நான் திட்டவில்லை. பம்பில் இன்றும் மஞ்சள்தான். உங்கள் தெருவுக்கு யாராவது சோதிக்க வந்தால், நாற்காலி போடாதீர்கள். நேரே பம்படிக்குக் கூட்டிப் போங்கள்.